2.86-ஐ நம்பி அஸ்திவாரம் தோண்டலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"என் தாத்தா ரயில்வேயில் கலாசி, அதாவது கடைநிலைத் தொழிலாளி. பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைக் கையால் சுற்றித் திறந்த ஆட்களில் ஒருவர். அவருடைய பழைய தாளில் 196-3-220-3-232 என்றும், அதற்குக் கீழே 1986 என்று போட்டு 750-12-870-14-940 என்றும் இருக்கிறது. இது என்ன கணக்கு? அப்பா பட்டாளத்தில் 19 வருடம் இருந்துவிட்டு 1997-ல் ஹவில்தாராக வந்தவர். கமுதிப் பக்கத்தில் அவருடைய நண்பர், அவரும் ஹவில்தார்தான், 24 வருடம் முடித்து 2011-ல் வந்தார். அவருக்கு அப்பாவைவிடப் பென்ஷன் கூட வருகிறது. ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்றார்களே? தம்பி 2017-ல் கடற்படையில் சேர்ந்தவன், பேசிக் 28,700. எட்டாவது பே கமிஷனில் 2.86 மடங்கு வரப்போகிறது என்று சொல்லி, அதை நம்பி லோன் போட்டு வீட்டு வேலையை ஆரம்பிக்கப் பார்க்கிறான். மண்டபத்தில் கடலோரக் காவல்படையில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தம்பியைவிடக் குறைவாக வருகிறதே, அது ஏன்? நான் இடைநிலை ஆசிரியை. எங்களுக்கும் எட்டாவது கமிஷன் உண்டா?"

அம்மா, தம்பி விஷயம்தான் அவசரம் என்று தெரியும். ஆனாலும் தாத்தாவின் தாளில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தம்பிக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. ராணுவக் கணக்குப் பிரிவில் 31 வருடம் இந்த மாதிரித் தாள்களோடுதான் காலம் தள்ளினேன், ஓய்வுக்குப் பிறகு ராமநாதபுரத்தில் என் வீட்டுத் திண்ணையிலும் அதே வேலைதான் நடக்கிறது.

196-3-220-3-232 என்பதை ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 196 ரூபாயில் காலை வைத்து, வருடத்துக்கு 3 ரூபாயாக ஏறி, எட்டு வருடத்தில் 220. அந்த இடத்தில் இ.பி. என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்திருக்க வேண்டும், மங்கிப் போயிருக்கலாம், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது ஒரு தடுப்புக் கட்டை. 'இவர் வேலை திருப்தி' என்று மேலதிகாரி எழுதினால்தான் தாண்டலாம். தாண்டினால் இன்னும் நான்கு வருடம் மூன்று மூன்று ரூபாயாக ஏறி 232, அதோடு ஏணி முடிந்தது. 12 வருடத்தில் மொத்த உயர்வு 36 ரூபாய். இது 1973-ல் வந்த மூன்றாவது ஊதியக் குழுவின் (பே கமிஷன்தான்) கடைநிலைச் சம்பளம்.

கீழே உள்ளது நான்காவது குழு, 1986 ஜனவரி 1 முதல். 750-ல் ஆரம்பித்துப் பத்து வருடம் 12 ரூபாயாக ஏறி 870, பிறகு ஐந்து வருடம் 14 ரூபாயாக ஏறி 940. ஏணி 15 படி. பதவி உயர்வு இல்லாதவர் உச்சிப் படியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 750-க்கு 12 ரூபாய் என்றால் இரண்டு சதவீதம்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். இப்போது வருடத்துக்கு 3 சதவீதம் தருகிறார்களே, அது 2006-க்குப் பிறகு வந்தது. 2016-ல் ஏணியையே எடுத்துவிட்டுக் கட்டம் போட்ட அட்டவணை வைத்துவிட்டார்கள். கடைநிலைக்கு 18,000, 18,500, 19,100, 19,700 என்று வருடம் ஒரு கட்டமாக 40 கட்டம் இறங்கிப் போகும். ஆகவே தேங்கி நிற்கிற தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. பே கமிஷன்களில் எனக்கு மனசாரப் பிடித்த மாற்றம் இது, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எத்தனை மடங்கு என்பதைத்தான் பேசுகிறார்கள்.

சரி, அந்த மடங்குக்கு வருவோம்.

கடைநிலை ஊழியரின் பேசிக் வந்த வழி இது: 1986-ல் 750, 1996-ல் 2,550, 2006-ல் 7,000, 2016-ல் 18,000. பார்த்தால் அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒரு முறை வாரி இறைக்கிற மாதிரித் தெரியும். இறைக்கவில்லை. 2006 முதல் 7,000 பேசிக் வாங்கியவர் வெறும் 7,000-த்தை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை, அதோடு பஞ்சப்படியும் சேர்ந்தது. (அகவிலைப்படி என்று இப்போது சொல்கிறார்கள், எங்கள் காலத்து ஆட்களுக்குப் பஞ்சப்படிதான்.) 2016 ஜனவரி 1 அன்று அந்தப் படி 125 சதவீதம், அதாவது 8,750. இரண்டும் சேர்ந்து 15,750. அன்றைக்கு ஏழாவது குழு கொடுத்தது 18,000. ஆக உண்மையான உயர்வு 2,250 ரூபாய், சதவீதத்தில் 14 சொச்சம். மிச்சமெல்லாம் அவர் ஏற்கெனவே கையில் வாங்கிக்கொண்டிருந்த பணம்தான், படி என்ற பெயரை அழித்துவிட்டுப் பேசிக் என்று எழுதினார்கள். படியும் அன்றே பூஜ்யத்துக்குப் போனது. எல்லோரும் வாயில் வைத்திருந்த அந்த 2.57-ல் 2.25 பழைய சம்பளமும் பஞ்சப்படியும், அதற்கு மேலே உள்ள கொஞ்சம்தான் புதுசு. ஆறாவது குழுவின் 1.86-ம் இப்படிப் பிறந்ததுதான். 2004-லேயே பாதிப் படியைச் சம்பளத்தோடு இணைத்து 1.5 ஆக்கியிருந்தார்கள், அதன் மேல் 24 சதவீதப் படி, 1.5 பெருக்கல் 1.24 போட்டுப் பாருங்கள், 1.86. அந்த முறை நிஜமான லாபம் வந்தது கிரேடு பே என்று தனியாகச் சேர்த்தார்களே, அதில்.

இப்போது தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேசிக் 28,700. ராணுவப் பணிக்காகத் தனியாகத் தருகிற எம்.எஸ்.பி. (மிலிட்டரி சர்வீஸ் பே) 5,200. இரண்டும் சேர்ந்து 33,900. 2025 ஜூலை நிலவரப்படி பஞ்சப்படி 58 சதவீதம், அது 19,662. மொத்தம் 53,562, பிற படிகள் தனி. இதில் பேசிக்கையும் அதற்குரிய படியையும் மட்டும் எடுத்தால் 45,346. ஆகவே புதுக் குழு 1.58 மடங்கு என்று அறிவித்தால் தம்பிக்கு லாபம் ஒரு பைசா கிடையாது. 1.80 என்று வைத்துக்கொள்வோம். பேசிக் 51,660 ஆகும். தம்பி என்ன நினைப்பார்? 28,700-லிருந்து 51,660, மாசம் 23 ஆயிரம் கூடிவிட்டது என்று. கூடியது 6,314, கிட்டத்தட்ட 14 சதவீதம். தம்பி சொல்கிற 2.86 வந்தால் பேசிக் 82,082, அதாவது உண்மை உயர்வே 81 சதவீதம். அரசாங்கம் அப்படிக் கொடுத்தால் எனக்கும் சந்தோஷம்தான், என் பென்ஷனும் கூடுமே. ஆனால் போன முறை கிடைத்தது 14 என்பதை மறந்துவிட்டு 81-ஐ நம்பிக் கம்பி, சிமென்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது. இதை எழுதுகிற தேதியில் எண் எதுவும் முடிவாகவில்லை. வீடியோவில் சொல்கிறவர்கள் எல்லாம் கடற்கரையில் நின்றுகொண்டு நாளைக்கு எத்தனை பெட்டி மீன் விழும் என்று சொல்கிற ஆட்கள்.

எவ்வளவு என்பதை விடுங்கள், எப்போது என்பதும் இருக்கிறது. எட்டாவது குழு முறையாக அமைந்தது 2025 நவம்பரில், தலைவர் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய், கெடு 18 மாதம். அறிக்கை வந்த பிறகு அமைச்சரவை, அப்புறம் ஆணை. ஏழாவது குழு 2014 பிப்ரவரியில் அமைந்து, 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்து, 2016 ஜூன் கடைசியில் ஒப்புதல் கிடைத்தது. சிவிலியன்களுக்கு ஆகஸ்டுச் சம்பளத்திலேயே அரியரோடு வந்துவிட்டது. படையினருக்கு? முப்படைத் தளபதிகள் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நிறுத்தி வைக்க, தீபாவளியை ஒட்டித் தற்காலிகமாக 10 சதவீதம் கொடுத்துவிட்டு, முழு ஆணை 2017 மே மாதம்தான் வந்தது. ஆறாவது குழு அரியரையோ இரண்டு தவணையாக, முதல் வருடம் 40 சதவீதம், மறு வருடம் 60 என்று கொடுத்தார்கள். அரியர் வருகிற வரை தவணைக்காக வங்கி காத்திருக்குமா? அதனால் தம்பி வீடு கட்டட்டும், நல்ல விஷயம். ஆனால் இந்த 53,562-ல் கட்ட முடிகிற தவணை எவ்வளவோ அந்த அளவுக்கு லோன். மாடி வேண்டுமென்றால் பில்லருக்குக் கம்பியை மட்டும் மேலே நீட்டி விடச் சொல்லுங்கள். அரியர் வந்த பிறகு மாடியைப் பார்த்துக்கொள்ளலாம். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பார், சிமென்ட்டுப் பால் அடித்து வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும், கொத்தனாரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கடலோரக் காவல்படைப் பையன் விஷயம். இது நம் கடற்கரையில் அடிக்கடி வருகிற கேள்வி, ஏனென்றால் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, அதைத் தாண்டினால் மண்டபத்தில் கடலோரக் காவல்படை, இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள். ஆரம்பச் சம்பளம் இரண்டு பேருக்கும் 21,700-தான். ஆனால் எம்.எஸ்.பி. என்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கு மட்டும். 2006-ல் ஆறாவது குழு கொண்டுவந்தது, அப்போது ஜவான்களுக்கு 2,000, இப்போது 5,200. கடலோரக் காவல்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது, அதே கடலில்தான் போகிறது, ஆனாலும் அதற்கு இது கிடையாது. இந்த 5,200-க்கும் பஞ்சப்படி உண்டு என்பதால், அதே 58 சதவீதக் கணக்கில் கையில் வருகிற வித்தியாசம் 8,216 ரூபாய். பென்ஷன் கணக்கிலும் எம்.எஸ்.பி. சேரும், வருட இன்கிரிமென்ட்டுக்கும் வீட்டு வாடகைப் படிக்கும் சேராது. இதைவிடப் பெரிய பிளவு ஓய்வுக்குப் பிறகுதான் தெரியும். 2004-க்குப் பிறகு சேர்ந்தாலும் முப்படைக்குப் பழைய பென்ஷன் இருக்கிறது, கடலோரக் காவல்படைக்குப் பங்களிப்புத் திட்டம். நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2022-க்குப் பிறகு நான்கு வருடப் பணிக்கு அக்னிவீரராகப் போகும் பையன்களுக்கு இந்தக் கட்டமும் மடங்கும் எதுவும் பொருந்தாது. முதல் வருடம் 30,000, நான்காவது வருடம் 40,000 என்று மொத்தமாக நிர்ணயித்திருக்கிறார்கள், அதிலும் 30 சதவீதத்தைக் கடைசியில் மொத்தமாகத் தருகிற சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். பஞ்சப்படி, எம்.எஸ்.பி., பென்ஷன் கிடையாது. உங்கள் தெருவில் யாராவது தம்பியின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மகனை அனுப்பப் போகிறார்கள் என்றால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அப்பா பென்ஷனுக்கு வருகிறேன். ஒரே பதவி ஒரே பென்ஷன் என்ற பெயரில் பாதி வாசகம்தான் இருக்கிறது. 2015 நவம்பர் 7 அன்று வந்த ஆணையின்படி, ஒரே பதவி, ஒரே பணிக்காலம் இரண்டும் பொருந்தினால்தான் ஒரே பென்ஷன். 2013-ல் ஓய்வு பெற்றவர்களில் அந்தப் பதவியில், அத்தனை வருடச் சேவைக்கு, மிகக் குறைவாக வாங்கியவருக்கும் மிக அதிகமாக வாங்கியவருக்கும் சராசரி எடுத்து, அதை 2014 ஜூலை 1 முதல் பழைய ஆட்களுக்கும் கொடுத்தார்கள். பிறகு 2019 ஜூலை, 2024 ஜூலை என்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திருத்தம். ஆகவே 19 வருட ஹவில்தாரும் 24 வருட ஹவில்தாரும் அட்டவணையில் வேறு வேறு வரி. இது தப்பில்லை, விதி அப்படி. நண்பர் வெளியே வரும்போது கௌரவ நாயப் சுபேதார் பட்டம் வாங்கியிருந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள், வாங்கியிருந்தால் அவர் பென்ஷன் நாயப் சுபேதார் வரிக்குப் போயிருக்கும். ஆனால் ஒன்று, அப்பா சும்மா இருக்க வேண்டாம். பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் ஆணைத் தாளில், சேவை எத்தனை வருடம் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறது, குரூப் என்ன என்று போட்டிருக்கிறது, அதே விவரம் படையினரின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று வரி வரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார், அவருக்கும் இதே சந்தேகம், நண்பருக்குக் கூட வருகிறது என்று. தாளை விரித்துப் பார்த்தால் 21 வருடச் சேவையை ஒரு வங்கிக் கிளையில் 17 என்று ஏற்றியிருந்தார்கள். கையெழுத்தைத் தப்பாகப் படித்ததால் வந்த வினை. அவர் அத்தனை வருடமும் நண்பர் மேல் கோபமாக இருந்திருக்கிறார், பாவம். திருத்தம் போட்டு வர எட்டு மாதம் ஆனது. உங்களால் முடியவில்லை என்றால் ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நண்பருக்குக் கம்யூட்டேஷன் பிடித்தம், அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான பிடித்தம், ஓடிக்கொண்டிருக்கலாம், அது 15 வருடத்தில் திரும்பி வரும், அப்போது வித்தியாசம் இன்னும் கூடித் தெரியும். இப்போதே சொல்லி வைக்கிறேன், அன்றைக்கு அப்பா மறுபடி கடிதம் எழுதச் சொல்லக் கூடாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. மத்திய ஊதியக் குழு உங்களைக் கட்டுப்படுத்தாது. மத்திய அரசு ஆணை போட்ட பிறகு தமிழ்நாடு அரசு தனக்கென்று ஒரு குழு வைத்து, தன் கஜானாவைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யும். ஏழாவது குழுவின் போது 2017 அக்டோபரில்தான் மாநில ஆணை வந்தது. 2016 ஜனவரி 1 முதல் கணக்குக்கு மட்டும் உயர்வு, கையில் பணம் 2017 அக்டோபர் 1 முதல். நடுவில் 21 மாத அரியர் போனது போனதுதான். மத்திய அரசில் ஆரம்பம் 18,000, இங்கே 15,700. அதனால் தம்பிக்கு வருகிற அன்றே உங்களுக்கும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இடைநிலை ஆசிரியை என்கிறீர்கள், எந்த வருடம் சேர்ந்தீர்கள் என்று எழுதவில்லை. அந்தத் தேதியில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறாவது குழுவை இங்கே அமல்படுத்திய ஆணை 2009 ஜூன் 1 தேதியிட்டது. அதற்கு முன்பு சேர்ந்தவருக்குப் பழைய ஆரம்பச் சம்பளம் 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். அன்றைக்கும் அதற்குப் பிறகும் சேர்ந்தவருக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளமே இல்லையே, அதனால் புது அளவின் அடியில் 5,200. கிரேடு பே இருவருக்கும் 2,800. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே படிப்பு, ஒரு நாள் முன்பின், 3,170 ரூபாய் வித்தியாசம். அதன் மேல் பஞ்சப்படி, 2016-ல் 2.57 என்று அந்த வித்தியாசமும் பெருகிக்கொண்டே போனது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சென்னையில் உட்கார்ந்து போராடினார்களே, அது இந்தக் கணக்குக்காகத்தான். சம்பள அளவு மாறும்போது எத்தனை மடங்கு என்பதை மட்டும் பார்த்துவிட்டு, புதிதாக வருகிறவர் எந்தப் படியில் கால் வைக்கிறார் என்று பார்க்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். மத்திய அரசிலும் படையிலும் இதே மாதிரிச் சிக்கல்கள் வந்திருக்கின்றன. அடுத்த மாநில ஆணை வரும்போது முதல் பக்கத்து மடங்கை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிற நிர்ணய விதிகளை முதலில் படியுங்கள்.

ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருக்கிறார்களா? ஒரு வருடம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மறுநாள் ஜூலை 1 இன்கிரிமென்ட்டை இழந்தவர்கள் அவர்கள். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒருவர் போட்ட வழக்கில் அதைச் சேர்த்துப் பென்ஷன் கணக்கிடத் தீர்ப்பு வந்தது, 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. மத்திய அரசு, ராணுவ ஓய்வூதியர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகத் தாத்தா. அவர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், பாட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கிறார் என்றால் ரயில்வே குடும்ப ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார், வயது 80 தாண்டியிருந்தால் அதில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும், 85-ல் 30, 90-ல் 40. அந்தக் காலத்துப் பி.பி.ஓ.க்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே எழுதவில்லை. தேதி இல்லாவிட்டால் யாருக்கும் வயது தெரியாது, கூடுதலும் தானாக வராது. பாட்டியின் ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்து வைத்து, போன மாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து எனக்கு எழுதுங்கள்.